கட்டிலின் இடது பாதி

எங்கள் ஊரில் ஒருவருக்குத் தூக்கம் வராவிட்டால் அவருடைய கட்டிலை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். ஆளைச் சேர்த்து என்ன பிரயோசனம்? நானும் என் கட்டிலை மெத்தையோடு மினி லாரியில் ஏற்றிப்போய், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் சேர்த்தேன்.

தெரபிஸ்ட் மெஹருன்னிசா கட்டிலைத் தட்டிப் பார்த்தார். “இதுல என்னல்லாம் பண்ணுவீங்க சார்?”

சாப்பிடுவேன், விடைத்தாள் திருத்துவேன், செல்போன் பார்ப்பேன், துணி மடிப்பேன் என்றேன்.

“அதான். எது தன்னோட வேலைன்னு அதுக்கே குழம்பிப்போச்சு. ஒவ்வொண்ணா மறக்க வைக்கணும்.”

மாலையில் போய்ப் பார்ப்பேன். மற்ற கட்டில்கள் தாழ்வாரத்தில் நடை பழகிக்கொண்டிருக்கும். என்னுடையது சோற்றை மறந்தது, விடைத்தாளை மறந்தது. செல்போனுக்குத்தான் கொஞ்சம் அடம் பிடித்தது.

ஒருநாள் மெஹருன்னிசா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒரு வேலைய மட்டும் விட மாட்டேங்குது சார். இடது பக்கத்த யாருக்கோ பிடிச்சு வெச்சிருக்கு. துண்ட எடுக்கப் போனா முறைக்குது.”

துண்டு நான் போட்டதுதான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமில்லையா, அப்படி. இரண்டு வருடத்துக்கு முன், என் மனைவி செங்கமலத்தைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த அன்று போட்டேன். துண்டு போட்டவன் தூங்கக் கூடாது. கண்ணசந்தால் இடம் போய்விடும்.

“போட்டவங்கதான் சார் எடுக்கணும்.”

என்னால் முடியவில்லை. அவள் வந்து நின்றால் எங்கே படுப்பாள்? எனக்குத் தூக்கமும் வேண்டும், அவளும் வேண்டும்.

மெஹருன்னிசா யோசித்துவிட்டு, கட்டிலை நடுவே அறுக்கச் சொன்னார். இடது பாதி துண்டோடு வார்டிலேயே தங்கியது. இடம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இனி ஆஸ்பத்திரியுடையது. வலது பாதியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கால்கள்தான் என்றாலும் சாயவில்லை. படுத்ததும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது துண்டு நாலாக மடிக்கப்பட்டிருந்தது.

“ராத்திரி ஒரு அம்மா வந்து படுத்துட்டுப் போனாங்க சார். இன்னொரு பாதி எங்கேன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“வீட்ல சார் நல்லாத் தூங்கறாருன்னேன். சரி, எழுப்ப வேணாம்னுட்டாங்க.”

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மெத்தையில் கை வைத்துப் பார்த்தேன், சூடு ஆறியிருந்தது.

“எப்ப கெளம்பினாங்க?”

“விடியக்காலைல சார்.”

அவள் இருக்கும் ஊருக்கு அந்த விடியக்காலை பஸ் ஒன்றுதான். அதை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான்.