கழுவாத கல்

1

இந்தக் கதை எனக்குச் சண்டையாக வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் இரண்டு குரல்கள்.

"இன்னாமே இது, கல்லைப் போயி மீனாட்டம் ஆஞ்சி வெச்சிகீறே?"

"ஆயாத மீனை எவன் பாய் வாங்குவான்?"

அவ்வளவுதான். எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும், பேச்சாக. முகம் பிறகு வரும். சில சமயம் வராமலே போய்விடும். ஆனால் அந்தப் பெண் பிள்ளை கேட்ட கேள்வியில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 1952ஆம் ஆண்டு, திருவொற்றியூரின் கீழ்வானில் கதிரவன் தன் பொற்கரங்களை

(வேண்டாம். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: இருதயம்மாள் வீட்டுக் கொல்லையில் ஒரு குழி இருந்தது.

இது போதும்.

காலையில் காசிமேட்டுக் கரையில் மீன் விற்றுவிட்டு, மத்தியானம் அவள் இறங்கும் குழி. அந்தத் தெருவே முன்பு பள்ளம். அதை மேடாக்க, நெல்லூர்ப் பக்கம் காக்காப்பொன் (மைக்கா) வெட்டும் சுரங்கங்களில் கழித்துப் போட்ட பாறைகளைச் சரக்கு ரயிலில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். (நிஜமாகவே கொட்டினார்களா என்று தேடாதீர்கள். கதைக்காக நான்தான் கொட்டினேன்.) மீன் குடலைப் புதைக்கத் தோண்டியவளின் கடப்பாறை முனையில் ஒரு வெள்ளைப் பாறை பிளந்தது. உள்ளே மாதுளை முத்துப்போல ஒரு சிவப்புக் கல்.

அன்றைக்கு மீன் குடலைக் காக்கைதான் தின்றது.

3

அவள் புருஷன் அருள்நாதனுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கியில் வேலை. ஈஸ்டருக்குக் கட்டிய புது வேட்டியோடு அந்தக் குழியில் விழுந்தான். பூசைக்குக் கிளம்பிய தெரு முழுக்கப் பார்த்தது.

"இது வூடா, கெணறா? மூடிடு."

"மூட மாட்டேன்."

"ஏன்மே?"

"எங்கப்பன் புடிச்சாரு, நான் வித்தேன். எங்கண்ணன் புடிச்சான், அதையும் நான்தான் கூவிக் கூவி வித்தேன். நானே புடிச்சதுன்னா இதுதான்யா."

(இந்த இடத்தில் அருள்நாதன் வாயடைத்துப் போனான் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் வாய் அடைபடுகிற வாயில்லை.)

"புடிச்சே சரி. வாங்க ஆள் வேணாமா? வர்ற ஞாயித்துக்கெழமை அந்த பாய் ஒரு கல்லாவது எடுத்துக்கினு போவட்டும். இல்லாங்காட்டி மண்ணைப் போட்டுத் தூத்துருவேன், மாதா மேல சத்தியம்."

4

பாய் என்றால் தமீம். கப்பல்காரர்களுக்குச் சங்கும் சோழியும் வினோதக் கல்லும் விற்கிற ராயபுரத்து ஆள்.

தமீமை நான் முதலில் ஏமாற்றுக்காரனாகத்தான் எழுதினேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. ஆனால் வாயைத் திறந்தால் மனிதன் நல்லவனாகவே பேசுகிறான். இரண்டு பக்கம் முயன்றுவிட்டுக் கைவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை. இருதயம்மாள் கரையில் மீன் பரப்புவதுபோல ஈரச் சாக்கைப் பரப்பி, அதன்மேல் கற்களை அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றையும் ஒட்டியிருந்த பாறையைத் தட்டி எடுத்து, அரிவாள்மணையில் சுரண்டி, செதில் போக்குவதுபோலத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பளபளவென்று.

தமீம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் முதலில் கேட்ட சண்டை இங்கேதான் வருகிறது. அதற்குப் பிறகு:

"எங்கிட்ட வாங்கற கப்பல் இஞ்சினியர் கண்ணாடி அலமாரில வெச்சிப் பாக்கறவரும்மா. பாறையில மொளைச்சு நிக்கிற மாதிரியே வேணும்ன்றாரு."

"அப்போ மீனைக் கடலோட சேர்த்துக் கேக்கறாரு."

"ஆமா, அப்படித்தான்னு வெச்சுக்கோ."

"கலீஜா, மண்ணோடயா?"

"மண்ணு போவலாம். அடிப்பாறை போவக் கூடாது."

"இதெல்லாம் மோதிரத்துக்கு?"

"விரிசல் வுட்டிருக்கும்மா. மோதிரத்துக்கும் ஆவாது, அலமாரிக்கும் ஆவாது."

அருள்நாதன் மண்வெட்டியை எடுத்தான். சிரிக்கக்கூட இல்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இரு! அடியில ஒண்ணு கீது."

"இன்னா ஒண்ணு?"

"கனமா கீதுன்னு தூக்காம வுட்டுட்டேன். கையே வெக்கல. ஆயல, தேய்க்கல, ஒண்ணும் பண்ணல."

தமீம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தான். மூலையில் களிமண் அப்பிய ஒரு பாறை, படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி அளவு.

"இதை யாரு தூக்கறது?"

பாரந்தூக்கிக்காரன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"கவுத்தை எடுமே. அப்படி இல்ல. ஓரத்துல கட்டாதே, அடியில கொடு. பாய், கைய எடு, நசுங்கிரும்."

பாறை மேலே வந்து துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தது. மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இருதயம்மாளின் விரல்கள் தேங்காய் நாரைத் தேடின. அவளே அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி மட்டும்," என்றான் தமீம்.

6

முடிவு, முதல் வகை: மண் கரைகிறது. வெள்ளைப் பாறையில் கைநிறையச் சிவப்பு. தமீம் "யா அல்லா" என்கிறான். குழி பிழைத்தது.

(பண்டிகைப் பாயசம். சர்க்கரை கூடிப்போயிற்று.)

முடிவு, இரண்டாம் வகை: மண் கரைகிறது. உள்ளேயும் மண். அருள்நாதன் மண்வெட்டியை எடுக்கிறான். இருதயம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு

(இதை எழுதினால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள். கூவிக் கூவி வளர்ந்த தொண்டை.)

மூன்றாவதாக ஒன்று யோசிக்கலாம் என்று பேனாவைக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து என்னைக் கேட்காமலே அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இருதயம்மாள் குடத்தைத் தூக்கினாள்.

"மெதுவா ஊத்துமே," என்றான் அருள்நாதன். "அந்தப் பக்கமா ஊத்து. இந்தப் பக்கம் கல்லு முனை ஒடைஞ்சிடப் போவுது."

குடம் அப்படியே நின்றது.

"இன்னா முனை?"

அருள்நாதன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"யோவ், இன்னா முனை? நீ எப்போய்யா உள்ளாற எறங்கினே?"

தமீம் வேறெங்கோ பார்த்துச் சிரித்தான். அருள்நாதன் மண்வெட்டியைக் காலால் மெல்ல வேலியோரம் தள்ளினான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரியை நான் எழுதவில்லை. பாறையில் முனை இருப்பது எனக்கே தெரியாது. தெரிந்தவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவன் பெண்சாதியோ ஒரு கையால் குடத்தையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இவளால் இனி ஊற்ற முடியாது.

நீங்கள்தான் கொஞ்சம் குடத்தை வாங்குங்கள். அந்தப் பக்கமாக ஊற்றுங்கள்.