நாலும் இடது கால்

இங்கே எழுதுவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் இரண்டு கண்கள் மீதும், புதிதாகக் கட்டிய பல்செட்டின் மீதும் சத்தியம் செய்கிறேன். சாட்சி வேண்டுமென்று என் மனைவியைக் கேட்காதீர்கள். அவளுக்கு என் மேல் கோபம்.

அவள் துணியில் மிருகம் தைக்கிறவள். உலகத்தில் இருக்கிற மிருகங்களைத் தைத்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கடவுள் படைக்க மறந்தவற்றை மட்டும்தான் தைப்பாள். சோபாவில் உட்கார்ந்தால் குண்டூசி. என் தலையணை இளைக்க இளைக்க, அவளுடைய மிருகங்கள் பெருத்துக்கொண்டே வந்தன.

எங்கள் தெருவில் இருக்கும் பல் டாக்டர், அடம்பிடிக்கும் குழந்தைகள் மடியில் வைத்துக்கொள்ள ஒரு பொம்மை வேண்டுமென்றார். வீட்டுக்கு வெளியே ஒருவர் அவளிடம் பொம்மை கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் மனுஷன் அவள் தங்கையிடமும் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை இரண்டையும் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வாராம். என் கொழுந்தியாள் தைக்கும் முயல் முயல் மாதிரியே இருக்கும். அதில் அவளுக்குத் தலைக்கனம்.

"அக்கா தைக்கிறதப் பார்த்தா குழந்தைங்களுக்குப் பல்லு தானா விழுந்துடும். டாக்டருக்கு வேலை மிச்சம் அத்தான்" என்று போனில் சொன்னாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. முயல் காது வைத்த நீர்யானை ஒன்றை வரைந்தாள். அதற்கென்று நீல ரோமத்துணி வாங்கினாள், கடையில் இருந்த கடைசித் துண்டு. வெட்டும் வேலையை என் தலையில் கட்டினாள்.

கால் அளவுக்கு ஒரே ஒரு அட்டை. அதைத் துணியின் பின்பக்கம் வைத்து இரண்டு கால் வரைந்த பிறகு, அட்டையைப் புரட்டிப் போட்டு மற்ற இரண்டை வரைய வேண்டும். அப்போதுதான் இடதும் வலதும் வரும். புரட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொன்னதாக அவள் சொல்கிறாள்.

"என்னங்க, நாலும் இடது காலா இருக்கு."

"நீர்யானைக்கு யாரு செருப்பு வாங்கப்போறா?"

"பேசாதீங்க. வாயைச் சேர்த்துத் தைச்சிடுவேன்."

வேறு துணி இல்லை. அதையே தைத்தாள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. வாசலைப் பார்த்து வைத்தால், டீ குடித்து முடிப்பதற்குள் அது இடப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலையணையை அண்டக்கொடுத்தோம். தலையணையும் சேர்ந்து திரும்பியது. மேசைமேல் வைத்தோம். மேசை திரும்பியது.

"நீங்க வெட்டின லட்சணம்."

"நான் காலைத்தான் வெட்டினேன். புத்தி நீ வச்சது."

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டிலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பினால் நாலு கட்டடம் தள்ளி டாக்டர். பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி இறங்கினாள். விறுவிறுவென்று இடப்பக்கம் நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"நானா போறேன்? இது இழுக்குதுங்க."

வாங்கிப் பார்த்தேன். என்னையும் இழுத்தது. வேறு வழியில்லாமல் தபால் நிலையம், பள்ளிக்கூடம், சலவைக்கடை என்று இடப்பக்கமாகவே பேட்டையைச் சுற்றினோம். சலவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வாக்கிங்கா?"

"ஆமா. நீர்யானைக்கு."

போய்ச் சேர்ந்தபோது கொழுந்தியாள் உள்ளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். "நாலு கட்டடம் வர இவ்வளவு நேரமாக்கா? அதுக்குள்ள அத்தானுக்குப் பல்லே முளைச்சிருக்கும்."

மனைவிக்கு முகம் செத்துப்போனது. ஏனென்றால் முயல் ஏற்கெனவே நாற்காலியில் ஒரு சிறுமியின் மடியில் இருந்தது. ஆனால் அந்தப் பெண் முகத்தை வலப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயை இறுக மூடியிருந்தாள். டாக்டருக்கு இடக்கைப் பழக்கம், நிற்பதும் இடப்பக்கம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் காது மட்டும்.

"காதுக்கு வேற டாக்டர்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மனைவி யாரையும் கேட்கவில்லை. முயலை எடுத்துவிட்டு நீர்யானையை மடியில் வைத்தாள். முதலில் அது திரும்பியது. அப்புறம் சிறுமியின் தோள், அப்புறம் கழுத்து. டாக்டருக்கு நேராக முகம் வந்ததும், நடந்தது புரியாமல் அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். டாக்டர் அந்த வாய்ப்பை விடவில்லை. பல் கையில் வந்துவிட்டது.

"இது இங்கயே இருக்கட்டும்மா" என்றார்.

கொழுந்தியாள் முயலைப் பையில் திணித்தாள். "அத்தான், எனக்கும் நாலு கால் வெட்டித் தர்றீங்களா?"

"அவருக்கு வேலை இருக்கு" என்றாள் மனைவி.

பெருமையாக இருந்தது. வீட்டுப் படி ஏறும்வரைதான். "அட்டையைப் புரட்டுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். இன்னும் முடிக்கவில்லை.

சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாக வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்க்கலாம். அந்த நீர்யானைக்கு அப்புறம் என் மனைவி இதுவரை தைத்து முடித்தது ஒரே ஒரு பொம்மைதான். அது பாம்பு.