தனகோடி முங்கினார்

திரையில் எண் சரசரவென்று இறங்கியபோது ஜாக்குலினுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகப் பிறகு வெட்கப்பட்டாள். தனகோடியின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. அதற்குள் டாக்டர் திருவேங்கடம் மெல்லிய ஊசி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். ஊசிமுனை கட்டிக்குள் இடம் இடமாக நகர, அங்கங்கே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று கருவி சொல்லும். அந்த எண்களைக் குறித்துச் சேர்ப்பதுதான் ஜாக்குலினின் ஆராய்ச்சி. ஆக்சிஜன் கிடைக்காமல் திணறும் புற்றுநோய்ச் செல்களைப் பார்த்தால் ஐயோ பாவம் என்றிருக்கும். ஆனால் அவைதான் மகா கெட்டிக்காரப் பயல்கள். கதிர்வீச்சு அவற்றைக் கொல்ல ஆக்சிஜனின் துணை வேண்டும். துணை இல்லாத இடத்தில் பல செல்கள் பிழைத்துக்கிடந்து, எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனவர்களிடம் மறுபடியும் தலைதூக்கும்.

முந்தின நாள் இதை அவள் விளக்கியபோது தனகோடி கட்டியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துக்காரர். கடலுக்கடியில் பாறையில் ஒட்டிக்கிடக்கும் மட்டியை முங்கிப் பெயர்த்தெடுப்பது தொழில். இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனை படகில் மச்சான் ராமதாஸ் கையில். அவர் இழுத்தால் மட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் விட்டுவிட்டு மேலே வந்தாக வேண்டும். மனைவியின் அண்ணன் என்பதால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

"அப்போ அதுவும் மூச்ச அடக்கிக்கினு உள்ள கெடக்குதா?" என்றார் தனகோடி. "சரிதான். என் ஒடம்புல வந்தது என்னிய மாரிதானே இருக்கும்."

"இதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லண்ணா. உங்களுக்கு வழக்கமான ட்ரீட்மெண்ட்தான். இது பின்னால வரப்போறவங்களுக்காக. வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம்."

"எல்லாரும் கட்டி கட்டின்னுதான் சொன்னாங்க. உள்ள இன்னா நடக்குதுன்னு நீதாம்மா குந்தவெச்சி சொல்லிக்கினு கீற. குத்திக்க."

ராமதாஸுக்குத்தான் மனசில்லை. கட்டியில் கத்தி கித்தி பட்டால் பரவிவிடும் என்று குப்பத்தில் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று திருவேங்கடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ராமதாஸ் தலையை ஆட்டினார், நம்பவில்லை.

இப்போது ஊசி போகிற இடமெல்லாம் எண் பூஜ்யத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு வறண்ட கட்டியை ஜாக்குலின் பார்த்ததே இல்லை. அப்போதுதான் ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கத் தனகோடியின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் கருவி கத்த ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தாள். தனகோடி கண்ணை மூடிக் கல் மாதிரி கிடந்தார். நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அண்ணா! தனகோடி அண்ணா!"

திருவேங்கடம் சட்டென்று ஊசியை உருவிவிட்டு நாடியைப் பிடித்தார். வாசலோரம் நின்ற ராமதாஸ் மட்டும் அசரவில்லை.

"பேஜாராவாதீங்க மேடம். மச்சான் முங்கிக்கினு கீறாரு."

வந்து காலைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். தனகோடி ஹா என்று மூச்சை விட்டு எழுந்து, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அசையாம இருன்னுதானே சொன்னீங்க?" என்றார், மனத்தாங்கலோடு.

சொன்னது அவள்தான். எல்லோரிடமும் சொல்வதுதான். இப்படி அட்சரம் பிசகாமல் கேட்டுக்கொண்ட ஆள் இவர் ஒருவர்தான். பாறை இடுக்கில் கை விட்டுப் பழகியவருக்கு அசையாமல் இருப்பது என்றால் மூச்சையும் கட்டுவதுதான்.

மூச்சை அடக்கியதில் விழுந்த அந்த எண்களைக் குப்பையில் போட வேண்டியதுதான். விடிந்தால் தனகோடிக்குக் கரண்ட் வைக்கத் தொடங்கிவிடுவார்கள், கதிர்வீச்சுக்கு ஆஸ்பத்திரி முழுக்க அதுதான் பெயர். தொடங்கிவிட்டால் கட்டியின் முதல் நிலையை அளக்க வழியே கிடையாது. அளப்பதானால் இன்றைக்கே மறுபடி குத்த வேண்டும். "கேட்டுப் பாரு. முகம் கோணினா விட்டுடு" என்றார் திருவேங்கடம். எண்களை அப்படியே வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பும் ஜாக்குலினுக்கு வந்து போகாமல் இல்லை. தனக்கு ஒரு லாபமும் இல்லாத காரியத்துக்குக் கழுத்தைக் கொடுத்த மனிதரிடம் எந்த முகத்தோடு இரண்டாவது தடவை கேட்பது?

கேட்டாள். தனகோடி வாயைத் திறப்பதற்குள் ராமதாஸ் குறுக்கே வந்தார்.

"இன்னா மேடம், தமாஷா? வூட்டுல தங்கச்சிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

தனகோடி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "வெறுங்கையோட மேல வந்துட்டேன் மச்சான்" என்றார். "இன்னொரு வாட்டி எறங்கித்தான ஆவணும்?" ஜாக்குலின் பக்கம் திரும்பினார். "ஆனா ஊசி உள்ள போச்சின்னா மூச்சு தானா நின்னுடுதும்மா. அதுக்கு நான் இன்னா பண்ண?"

ராமதாஸ் முணுமுணுத்துக்கொண்டே மேஜையில் இருந்த, காயத்துக்குக் கட்டும் காஸ் துணிச்சுருளை எடுத்தார். ஒரு நுனியைத் தனகோடியின் மணிக்கட்டில் கட்டி, மறுநுனியைத் தன் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார்.

"இழுத்தா மூச்சு வுடணும். புர்தா?"

ரொம்ப நன்றிண்ணா என்று ஜாக்குலின் இருவரையும் பார்த்துச் சொன்னாள். அதைவிடப் பெரிய வார்த்தை அவளிடம் இல்லை. இப்படிக் கழுத்தைக் கொடுத்தவர்களால்தான் அவள் படிப்பே நடக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான், என்றாலும் இன்று அது கண்ணெதிரே வெள்ளைத் துணியாக நீண்டு கிடந்தது.

ஊசி மறுபடி இறங்கியது. கட்டியின் ஓரத்தில் எண் நன்றாகவே நின்றது. நெஞ்சு அடங்கும்போதெல்லாம் ராமதாஸ் சுண்டினார், தனகோடி மூச்சு விட்டார். ஜாக்குலின் எண்களைக் குறித்துக்கொண்டே வந்தாள். நடுப்பகுதிக்குப் போனதும் எண் சரிந்தது. ராமதாஸ் இழுத்தார். எண் ஏறவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"அவரு மூச்சு விட்டுக்கிட்டுதாண்ணா இருக்காரு" என்றாள் ஜாக்குலின் மெதுவாக. "இது கட்டி. அந்த இடத்துல நிஜமாவே காத்து இல்ல."

ராமதாஸ் தனகோடியின் நெஞ்சைப் பார்த்தார். அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு திரையைப் பார்த்தார். பார்த்தபடியே துணியை மறுபடி ஒரு தரம் இழுத்தார். தனகோடி கண்ணைத் திறக்காமல் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எண் இருந்த இடத்திலேயே இருந்தது. ராமதாஸ் துணியை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார்.