எழுந்து போ

மணிக்கட்டு முறிந்து நான்கு வாரமாகியும் கட்டுப் பிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பை மாதக் கடைசிக்குள் தருவதாகப் பதிப்பகத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லாமல்தான் மாமியார் தட்டச்சு செய்ய மருமகளைக் கூப்பிட்டார். மருமகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். விழுந்த அன்று அந்த மணிக்கட்டைப் படம் எடுத்ததும் அவள்தான். காலை வேலை முடிந்து வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்துவிடுவாள்.

நூறாண்டு தாண்டிய ஆங்கில நாவல் அது. விருந்து மேசையில் வாய் திறந்து அபிப்பிராயம் சொல்லிவிட்ட ஏழை ஆசிரியையைப் பணக்காரச் சீமாட்டி வெளியேற்றும் கட்டம்.

"'போதும், எழுந்து போ என்றாள் சீமாட்டி.' அடிச்சாச்சா?"

மருமகள் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "இங்கிலீஷ்ல மூணு வரி இருக்கே அத்தை?"

நாற்பது வருடம் பாடம் நடத்திய தொண்டை சும்மா இருக்குமா? "பழைய ஆங்கிலக் கதைகள்ல கத்துறவங்க அப்பாவிங்க. மரியாதை கூடக்கூடத்தான் பயப்படணும். அவ சொல்றது இதுதான்: 'இவ்வளவு நேரம் எங்களோடு உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும்! எங்களுக்காக இனியும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.' இதை அப்படியே போட்டா, என்னமோ உபசாரம் பண்றாள்னு நினைச்சுக்குவாங்க. திட்டுன்னு யாருக்கும் புரியாது."

"புரியும் அத்தை."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மாமியார்.

மருமகள் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. குரலில் சூடும் இல்லை. "மூணு வருஷமா எனக்குப் புரியுதே."

அவருக்குச் சுருக்கென்றது. மகன் தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணிடம் அவர் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. அதைப் பெருமையாகத் தங்கையிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அடுப்படிக்குள் வந்தால், "நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க?" விருந்தாளிகளோடு வந்து உட்கார்ந்தால், "அவங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும், பாவம், நாம பிடிச்சு வைக்கக் கூடாது." பூப்போலச் சொல்வார். அவளும் எழுந்து போய்விடுவாள்.

"நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லல" என்றார். சொன்னதுமே அது வாய்க்குள் கசந்தது. பிழையான வாக்கியத்தை அச்சுக்கு அனுப்பிப் பழக்கமில்லாதவர். கட்டுப்போட்ட கையை மடியில் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல. வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்" என்றார்.

"தெரியும்."

மருமகள் பழைய வரியை அழித்துவிட்டுச் சீமாட்டியின் மூன்று வரிகளையும் அடித்தாள். 'நீங்கள்' வந்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்று போனது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், திரையைப் பார்த்து. "நீ சொன்னது சரி..." அந்த 'நீ' அவர் நாக்குக்கே புதிது, புதுச் செருப்புப்போலக் கடித்தது. "சரிதாங்க" என்று முடிந்துவிட்டது.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவருக்கும் உதட்டோரம் இழுத்துக்கொண்டது.

"சரி, அந்த டீச்சர் என்ன பதில் சொல்றா?" என்று கேட்டாள் மருமகள்.

"அடுத்த பக்கத்துல."

ஒற்றைக் கையால் தாளைத் திருப்ப முடியாமல் அவர் திணற, மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தின் மறுபாதியைப் பிடித்தாள். ஒட்டியிருந்த தாள் மெல்லப் பிரிந்தது. இருவரும் தலையைக் குனிந்து முதல் வரியைத் தேடினார்கள்.