முளைப்பாரி அறையில் லேப்டாப்

அந்தக் குட்டி லேப்டாப்பை நான் திட்டாத திட்டு இல்லை. சனியன், மூதேவி, எருமை, இன்னும் அச்சில் போட முடியாத சிலதும். சோணைமுத்து மாமாவின் மகன் ராம்குமார் பள்ளிக்கூடத்தில் இலவசமாக வாங்கியது அது. அவன் படம் பார்த்துச் சலித்து, மூலையில் போட்டு, எலி அதன் சார்ஜர் வயரைக் கடித்த பிறகு என் கைக்கு வந்தது. ஒரு போட்டோவைத் திறக்கச் சொன்னாலே திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அதில்தான் ஐந்து பேர் ஐந்து பேரைச் சுடும் ஒரு விளையாட்டை நான் ஓடவைத்தாக வேண்டும். ஓடினால் கோயம்புத்தூர். ஓடாவிட்டால் கல்யாணம்.

சிரிக்காதீர்கள், விஷயம் அவ்வளவுதான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி பெண்களை மட்டும் வைத்து விளையாட்டு அணி கட்டுகிறது. மாதச் சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் உண்டு. பெரியபட்டினத்தில் என் கல்லூரித் தோழி மின்ஹா வீட்டுப் பெரிய கம்ப்யூட்டரில்தான் நான் இதைப் பழகினேன். முதல் சுற்றில் தேறியும் விட்டேன். கடைசித் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆன்லைனில். அய்யாவிடம் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லையே.

"வேல கெடச்சா போயிட்டு வா. கெடைக்கலையா, திருவிழா முடிஞ்சதும் கமுதி மாப்பிள்ள வீட்டுக்குச் சொல்லிவிட்டுருவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியக் கூடாது" என்றார் அய்யா.

"சரிய்யா" என்றேன். அய்யா சொன்ன சொல் மாறமாட்டார். அதுதான் எனக்குத் தைரியம், அதுதான் பயமும்.

தேர்வு அன்றைக்கு மின்ஹா வீட்டுக்குப் போய்விடுவதுதான் திட்டம். அதில்தான் மண் விழுந்தது. இந்த வருஷம் அம்மன் கோயில் காப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. அய்யாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது. காப்புக் கட்டியவர் வீட்டில்தான் ஊர் முளைப்பாரி மொத்தமும் வளரும். இருட்டறையில் சட்டி சட்டியாகப் பயறு போட்டு, வெளிச்சமே படாமல் வளர்க்க வேண்டும். தண்ணீர் தெளிப்பது அந்த வீட்டுக் கன்னிப்பெண். அவளைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. முளைப்பாரி கோயில் போய்ச் சேருகிறவரை அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"ஏத்தா, ஆத்தாளே ஒன்னயக் கேட்டு வாங்கியிருக்கா" என்றாள் பூமயில் அத்தை. அய்யாவின் தங்கச்சி. முளைப்பாரிக் கும்மிக்கு எங்கள் ஊரில் முதல் குரல் அவளுடையது.

"என்கிட்ட யாரும் கேக்கலையே அத்த."

"வாயக் கழுவுடி மொதல்ல."

மின்ஹாவுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் அதட்டினாள்.

"அழுதா ஆச்சா புள்ள? ஒங்க வீட்டுல அந்த ஓட்ட லேப்டாப்பு கெடக்குல்ல, அத எடு. இன்ஷா அல்லாஹ், அதுலயே ஓட்டிப் பாத்துருவோம்."

அவள் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். நம்மைக் கேட்காமல் தானாக எழுந்து ஓடுகிற புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினேன். அப்டேட்டை நிறுத்தினேன். ராம்குமார் சேர்த்து வைத்திருந்த படங்களை அழித்தேன். சாயல்குடியில் பழைய லேப்டாப் உடைக்கிற கடையிலிருந்து அவனையே ஒரு ரேம் வாங்கிவரச் சொல்லி மாட்டினேன். விளையாட்டுக்குள் போய் நிழலை அணைத்தேன், புல்லை அணைத்தேன், தண்ணீரின் மினுமினுப்பை அணைத்தேன், படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தேன். மனிதர்கள் எல்லாம் செங்கல் செங்கலாகத் தெரிந்தார்கள். தெரிந்தால் தெரியட்டும், சுட்டால் விழுந்தால் போதும். பின்பக்கம் கழற்றிப் பார்த்தால் காற்றாடிக்குள் கெட்டித் தூசி. கோழி இறகை விட்டுக் கிண்டி எடுத்தேன்.

ஓடியது! என் கண்ணே பட்டுவிடும் போல ஓடியது. ஆனால் காலையில் மட்டும்தான். வெயில் ஏறியதும் திக்கித் திக்கிப் படுத்துக்கொண்டது.

"சூடு ஏறுனா அதுவா வேகத்தக் கொறச்சுக்கும் புள்ள. இல்லேன்னா வெந்துபோயிரும்ல. குளுகுளுன்னு ஒரு எடம் பாரு" என்றாள் மின்ஹா.

குளுகுளு! பங்குனி மாதம், முற்றத்தில் மிளகாய்ப்பழம் காய்கிற வெயில், தலைக்கு மேல் தகரம். தேர்வோ உச்சி மதியத்தில். எங்கே போவேன் நான் குளுகுளுவுக்கு? ஆத்திரத்தில் சொம்பை எடுத்துக்கொண்டு முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கப் போனேன். கதவைத் திறந்ததும் குளிர்ச்சி முகத்தில் அடித்தது.

பின்கட்டில் ஓடு வேய்ந்த பழைய அறை அது. ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். தரையில் ஆற்றுமணல் கொட்டி நனைத்திருந்தது. வாசல் பக்கச் சுவரில் மட்டும் ஒரு பிளக் பாயிண்ட். என்னைத் தவிர ஈ காக்கை நுழையாது. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? குளித்து, ஈரத்தலையோடு நின்று, "ஆத்தா, கோவிச்சுக்கிறாத, வேற வழியில்ல" என்று கும்பிட்டுவிட்டுத்தான் லேப்டாப்பை முந்தானைக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோனேன். ஈரமணலில் ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். ஓட்டுச் சந்தில் போனைச் செருகி நெட் பிடித்தேன். பாயைப் போட்டு, பிளக்கைப் பார்த்து உட்கார்ந்தேன். முளைப்பாரிச் சட்டிகள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்.

மதியத்திலும் சிக்காமல் ஓடியது. அன்றிலிருந்து தினமும் மதியம் நான் அங்கேதான். வெளியே வந்தால் அம்மா முத்தழகு மோரும் கையுமாக நிற்பாள்.

"இம்புட்டு நேரமா உள்ள என்னத்தா பண்ற?"

"தண்ணி தெளிச்சுட்டு அப்பிடியே உக்காந்திருந்தேன்ம்மா."

அம்மா கண் கலங்கிவிட்டாள். எம் மக கும்பிடுகிறாள், விரதம் இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு உள்ளூர உறுத்தியது. ஆனால் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, நான் மூச்சு விடவில்லை. சட்டிகளை நின்று பார்க்கவும் இல்லை. இருட்டில் கையால் தடவித் தண்ணீர் தெளிப்பேன், திரும்பித் திரையைப் பார்த்து உட்காருவேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியே ரேடியோ செட்டு அலறி ஓடெல்லாம் அதிர்ந்தது. எதிரியின் காலடிச் சத்தம் கேட்காமல் கண்ணை மட்டும் நம்பி ஆடினேன். எங்கள் அணியில் நான்கு பேரும் விழுந்து நான் ஒருத்தி மிச்சம், எதிரில் இரண்டு பேர். பாவி லேப்டாப் இப்போது சிக்கினால் எல்லாம் போச்சு. சிக்கவில்லை. ஒருத்தியைக் கதவோரத்தில் போட்டேன், இன்னொருத்தியைப் படிக்கட்டில். கத்த முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன்.

"ரொம்ப நல்லா ஆடுனீங்க ஜெயப்பிரியா" என்றது கோயம்புத்தூர்ப் பெண்குரல். "செவ்வாய்க்கிழமை சாயந்தரம் போன் பண்ணுவோம். வரேன்னு நீங்க சொன்னாப் போதும். இல்லேன்னா அடுத்தவங்களக் கூப்பிட்டுருவோம்."

அய்யாவிடம் சொன்னேன். "சரித்தா, போயிட்டு வா" என்றார் ஒரே வார்த்தையில். எனக்கு ரெக்கை முளைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை முளைப்பாரி எடுக்கும் நாள். கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலையில் பின்கட்டுக்கு வந்து நின்றார்கள். சாமியாடி சோணைமுத்து மாமா விபூதியை வீசிக் கதவைத் திறந்தார். சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு பூமயில் அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் குலவை பாதியில் நின்றது.

நானும் பார்த்தேன். ஊரார் சட்டி அத்தனையும், முளைத்த பயிர் அத்தனையும், ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் உட்கார்ந்த பாயைப் பார்த்து. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய நுனிகள் லேசாகப் பச்சை கட்டியிருந்தன. இருட்டில் கிடக்கும் செடி வெளிச்சத்தைத் தேடிப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்போதுதான் நினைத்தேன். செத்தோம் இன்றைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆத்தாடி! எல்லாம் எம் மருமக உக்காந்த எடத்தப் பாத்துத் திரும்பியிருக்கே!" என்று அத்தை அலறினாள். பாயில் விழுந்து கும்பிட்டாள்.

சோணைமுத்து மாமாவுக்கு உடம்பு குலுங்கியது. நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடினார். "இவ எனக்கு வேணும்டா! இவ கையால எனக்கு வருசா வருசம் முளைப்பாரி வேணும்! எல்லையத் தாண்டி அனுப்பாதீகடா!"

அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அபராதம் போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? எனக்குப் பொறுக்கவில்லை, கத்திவிட்டேன்.

"மாமா, அது சாமி இல்ல. லேப்டாப்பு வெளிச்சம். நான் உள்ள உக்காந்து கேம் ஆடுனேன். விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல." ஓடிப்போய்ப் பீரோவுக்குள்ளிருந்து அதை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் நீட்டினேன்.

கொட்டு நின்றது. அய்யா முகம் செத்துப்போய்விட்டது. அம்மா வாயைப் பொத்தினாள். மாமா ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"சரித்தா. அந்த இருட்டுக்குள்ள இத வச்சது யாரு? நீயா வச்ச? ஆத்தா வைக்கச் சொல்லாம ஒனக்கு அந்தத் துணிச்சல் வருமா? பயறு ஒண்ணுகூட அழுகலையே, பாத்தியா?"

"அதான! ஆத்தா வெளக்குலதான் வரணும்னு இருக்கா?" என்றாள் அத்தை.

ஒருத்தி குலவை போட்டாள். எல்லாரும் போட்டார்கள். ராம்குமார் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றான். "மாமா, ஒங்களுக்குமா புரியல..." என்று நான் முடிக்கும் முன்பே லேப்டாப் என் கையில் இல்லை. அத்தை அதற்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மாலை போட்டு மாமாவிடம் கொடுத்துவிட்டாள். இனி அது அம்மன் காலடியில் இருக்குமாம். கோழி இறகு வைத்துத் தூசி எடுத்து எத்தனை பாடுபட்டேன் அதற்கு!

என் தலையில் எங்கள் வீட்டுச் சட்டியை ஏற்றினார்கள். ஊர்வலம் கிளம்பியது. நனைந்த மண்ணோடு கனம் கழுத்தை அழுத்தியது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். சட்டி கீழே விழுந்தால் காப்புக் கட்டியவருக்கு ஆகாது என்பார்கள். பட்டுச்சேலையில் வைக்க இடமில்லாமல் என் போனை அய்யாவிடம் கொடுத்திருந்தேன். அவர் அதை மடியில் செருகிக்கொண்டு என் பக்கத்திலேயே நடந்தார்.

ஊருணிக் கரை திரும்பும்போது போன் அடித்தது.

"அய்யா, கோயம்புத்தூரு. எடுத்து என் காதுல வைங்க. வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிக்கிறேன்."

அய்யா போனை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபம் இல்லை அதில். அப்படியொரு பெருமையை நான் பட்டம் வாங்கியபோதுகூட அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"அய்யா, நீங்க சொன்ன சொல்லு மாறமாட்டீகள்ல?"

"நான் மாறலத்தா. ஆத்தா சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

போனைத் தன் காதில் வைத்துக்கொண்டார். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"வணக்கம்மா. நான் பிள்ளையோட அப்பா பாண்டித்துரை பேசுறேன். ரொம்ப நன்றிங்கம்மா. அவ வரமாட்டா. அவளுக்கு இங்கனயே வேல கெடச்சிருச்சு."

"வாரேன்! நான் வாரேன்!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். சுற்றிலும் குலவைச் சத்தம். சட்டியைப் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கியிருக்கலாம். இரண்டு கையும் தலைக்கு மேலேயே இருந்தது. பக்கத்தில் காப்புக் கட்டிய கையால் அய்யா போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டார். என்னால் அந்தச் சட்டியைப் போட முடியவில்லை.