பின்னால் நடந்த காளைகள்

பின்னங்கால்களால் மேட்டைத் தேடித் தேடி அந்த இரண்டு காளைகளும் பின்னால் நடந்தன, ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் முன்னால் பாய்வதைத் தவிர வேறெதுவும் பழகாத காளைகள், பதினோரு மாதமாக வாய் திறக்காத என் மனைவி தெய்வாத்தாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்ட ஓர் அதட்டலுக்கு, அந்த அதட்டலில் கிணற்று நீர் மூன்றடி உள்வாங்கியது, பொள்ளாச்சிச் சந்தையில் கட்டியிருந்த மாடுகளெல்லாம் காரணம் தெரியாமல் ஓரடி பின்னால் வைத்தன, சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் என் சத்தியத்துக்கு வீட்டில் மதிப்பில்லை, மின்வாரியத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவன், இடியைக் கையால் பிடித்துக் கம்பிக்குள் விட்டு நான்கு ஊருக்கு விளக்கெரித்தேன் என்று சம்பந்தி வீட்டிலேயே சொன்னவன், அப்போது தெய்வாத்தாள் காபித் தம்ளரை நீட்டிக்கொண்டே, இடி விழுந்தது நெசமுங்க, இவரு ஓடிப்போயி ஜீப்புக்கடியில படுத்துக்கிட்டாரு என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் அதிகம் சிரித்தேன், அப்படி என் பொய்களைச் சீவிச் சீவிக் கொடுத்தவள் ஒருநாள் காலையில் தோசைக்கல்லின் முன்னால் சரிந்தாள், வலது கையும் காலும் பேச்சும் போயின, பிறகு என் பொய்களை வெட்ட ஆளில்லை, வேலிக்கருவை போல அவை பாட்டுக்கு வளர்கின்றன.

உடுமலைச் சாலையில் இருக்கிறது அந்தப் பழங்காலப் பண்ணை, அறுபது வருடத்துக்கு முன்பு எப்படி விவசாயம் நடந்ததோ அப்படியே நடத்திக் காட்டுவார்கள், கோடை விழா என்று சித்திரை வைகாசி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து இறங்குகிறார்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் உரலில் கம்பு குத்திக் கையில் கொப்புளம் வாங்குகிறார்கள், ஒலிபெருக்கி சாக்கு ஓட்டத்துக்குப் பேர் கூப்பிடுகிறது, செவுத்தயே பாத்துக்கிட்டிருந்தா அம்மாளுக்கு எப்படிங்கப்பா நல்லாவும் என்று மகள் சுகந்திதான் எங்களை அழைத்துப் போனாள், அங்கே மாடு பூட்டிக் கவலை இறைக்கும் கிணறு, காளைகள் சரிவில் இறங்கினால் கயிறு இழுபட்டுச் சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும், பிறகு அவை திரும்பாமல் பின்னாலேயே மேடேற வேண்டும், அப்போதுதான் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும், ஓட்டுகிற ஆறுக்குட்டி ரேக்ளாக்காரன், அவனுக்கு இது எங்கே தெரியும், கீழே போனதும் பந்தயத் திடலில் திருப்புவதுபோல வட்டமடித்துத் திருப்பப் பார்த்தான், கயிறு காளையின் காலைச் சுற்றிற்று, பதினான்கு வயதுவரை தகப்பன் தோட்டத்தில் கவலை ஓட்டியவள் தெய்வாத்தாள், அவள் கழுத்து நிமிர்கிறது, இடது கை நாற்காலிப் பிடியை அறைகிறது, அப்போதுதான் அந்த அதட்டல், ஆறுக்குட்டி திடுக்கிட்டுக் கயிற்றை விட, காளைகள் பின்னால் நடந்தன.

சுகந்தி நுங்கு வாங்கப் போயிருந்தாள், வந்ததும் சொன்னேன், அம்மா பேசினாள் என்றேன், அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தத் தெரிந்தவனா நான், கார் ஏறுவதற்குள் அது ஒரு நீண்ட வாக்கியமாகிவிட்டது, கோமங்கலம் தாண்டுகையில் ஆறுக்குட்டியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள் என்றேன், வீட்டு வாசலில் கவலைப் பாட்டு ஒன்றையும் சேர்த்துவிட்டேன், சுகந்தி சாவியைக் கையில் வைத்தபடி நின்றாள், டாக்டரே இனி வராதுன்னுட்டாரு, அம்மாள வெச்சுமாங்கப்பா கதை கட்டுவீங்க என்றாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அடுத்த வாரம் சாட்சிக்கு ஆறுக்குட்டியைப் பிடித்தால், மைக்கு சத்தத்துல ஒண்ணும் காதுல விழுவுலீங்கையா, மாட்ட நாந்தானுங்க பழக்குனேன் என்று மீசையைத் தடவுகிறான், அவனுக்குப் பாராட்டு விழா நடக்கிறது, எனக்கு ஒரு சாட்சி இல்லை.

நான்கு ஞாயிறு போனோம், ஆறுக்குட்டி, ஒருக்கா தப்பாத் திருப்புடா சாமி என்று கெஞ்சினேன், இப்பத்தானுங்க மேனேஜர் மெச்சுனாரு, ஆளை விடுங்க என்றான், நானே கயிற்றைப் பிடுங்கித் தப்பாகத் திருப்பினேன், காளை தள்ளிச் சேற்றில் விழுந்தேன், இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று சுற்றி நின்ற குடும்பங்கள் கைதட்டின, பிள்ளைகள் மறுபடி மறுபடி என்று கத்தின, நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவள் நாற்காலி முன்னால் முட்டிபோட்டு, தெய்வா, ஒரு வார்த்த, மடையன்னாவது சொல்லு என்கிறேன், சிரித்துக்கொண்டேதான் கேட்கிறேன், பல்லெல்லாம் சேறு, அவள் என்னைத் தாண்டிக் காளைகளைப் பார்க்கிறாள், அவள் தொண்டை ஏறி இறங்குகிறது, அதற்குள் ஏதோ இருக்கிறது, என்னால் இறைக்க முடியவில்லை, இரவில் தூங்குகிறேனா என்று தெரியவில்லை, கண்ணை மூடினால் சால் இறங்கிக்கொண்டே இருக்கிறது, தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும் வருவதில்லை, ஒருவேளை அன்றும் நானேதான் அதட்டினேனா, கட்டிய கதைகளில் ஒன்றை நானே நம்பத் தொடங்கிவிட்டேனா.

கடைசி ஞாயிறு, விழா முடிந்து பந்தலைப் பிரிக்கிறார்கள், காளைகளைக் காலையிலேயே லாரியில் ஏற்றிவிட்டார்களாம், ஆளில்லாத சரிவின் அடியில் தெய்வாத்தாளோடு உட்கார்ந்திருந்தேன், பேசிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன், மாடு போலக் கத்திக்கூடப் பார்த்தேன், சுகந்தி இறங்கி வந்தாள், போலாங்கப்பா, வெயிலாவுது என்றாள், நாற்காலியை மேட்டில் தள்ள முடியவில்லை, சக்கரம் மண்ணில் புதைகிறது, சுகந்தி அதைத் திருப்பிப் பின்பக்கப் பிடியைப் பற்றிக்கொண்டு, குதிகாலால் மண்ணைத் தேடித் தேடிப் பின்னால் நடந்தாள், நான் கீழே இருந்து தள்ளினேன், தெய்வாத்தாளின் தலைக்கு மேல் மகளின் முகம், வியர்வை சொட்டுகிறது, நாற்பது வயது முகம், எனக்குத் திடீரென்று எல்லாம் விட்டுப்போயிற்று, சரி கண்ணு, நான் கட்டுன கதைதான், அம்மா பேசல, விட்டுரு என்றேன், வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான், சுகந்தி பாதி மேட்டில் நின்றுவிட்டாள், சக்கரம் உருளாமல் நாற்காலியைத் தன் வயிற்றில் தாங்கிக்கொண்டு, இல்லீங்கப்பா, நுங்க வாங்கிக்கிட்டு உங்க பொறகாலதான் நின்னேன், ஏழு தலைமுறையும் இல்ல, பாட்டும் இல்ல, திருப்பாதடான்னுச்சு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் தினமும் காலைல என்னையக் கூப்புடும்னு அடுப்படியிலயே நின்னேன், கூப்புடல, கேக்கவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டாத் தாங்கிக்கலாம்னு இருந்தேன், நான் கேட்டேங்கப்பா, அம்மா பேசுச்சு.