நிற்காத பேஸ் கிட்டார்

டமாலென்று வெடித்தது பாடகிக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர் பெட்டி. திடுக்கிட்டுப் பாட்டை நிறுத்தினாள். தோளில் தொங்கிய பேஸ் கிட்டாரிலிருந்தும் கையை எடுத்துவிட்டாள்.

அரங்கத்தில் பேஸ் ஒலி மட்டும் ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஹோட்டல் மேடைகளில் தொடங்கியவள். ராக்கில் தாலாட்டையும் ஜாஸையும் கலந்து பாடிக்கொண்டே பேஸும் வாசிப்பாள். அந்த இரட்டைத் திறமையைப் பார்க்கத்தான் இசைக் கம்பெனி முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் அவள் பெயரில் தனி ஆல்பம். அவர் அவளுடைய சும்மா தொங்கும் கையைப் பார்த்தார். சிரித்தார். எழுந்து போய்விட்டார்.

அவள் திரும்பினாள். கீபோர்டில் குழுத் தலைவனான அவள் கணவன். பழக்க தோஷத்தில் பேஸ் ஒலி தரும் கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்த அவனது இடது கை சட்டென்று விலகியது. பேஸ் ஒலியும் நின்றது.

மேடைக்குப் பின்னால் சவுண்ட்காரனைப் பிடித்தாள்.

"என் கிட்டார் லைனை அணைச்சு வச்சிருந்தியா?"

"அண்ணன்தான் சொன்னாரு அண்ணி. உங்க கிட்டார் பின்னால இருந்த பெட்டியில உங்களுக்கு மட்டும் கேக்கும். ஜனங்களுக்குப் போறது அண்ணனோட வாசிப்பு."

"எப்பலேருந்து?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்தே."

"கூடவே சோறு தின்னுட்டு, நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

கணவன் உள்ளே வந்தான். அவள் அவன் மீது பாய்ந்தாள்.

"அவ்வளவு கேவலமாவா வாசிக்கிறேன்? மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"மோசமா வாசிச்சிருந்தா விட்டிருப்பேன், நீ நல்லா வாசிச்சே, அப்புறம் குழுவுல என்னை எவன் மதிப்பான்?"